லட்சம் வருடக் களிமண்ணும் வேப்பம்பூவும்

எழுபதுகளின் நடுவில் நான் கனடாவின் ரொறன்ரோவில் மகரந்தம் எண்ணிச் சம்பாதித்தேன். புளுகுவதற்கும் ஒரு அளவு வேண்டும் என்று ஊரிலிருந்து அக்கா எழுதினாள். ஆனால் உண்மை அதுதான். நகரத்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் செங்கல்லுக்காக மண் வெட்டிய பெரிய குழி ஒன்று இருந்தது. அதன் சுவரில் களிமண் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் எடுத்து, கழுவி, அமிலத்தில் காய்ச்சினால் மற்றதெல்லாம் கரைந்து மகரந்தத்தின் ஓடு மட்டும் மிஞ்சும். நுண்காட்டியில் பார்த்து அது எந்த மரம் என்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரிடம் எனக்கு அந்த வேலை.

அது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. கீழ் அடுக்கில் ஓக் மரமும், இப்போது தெற்கே மட்டும் வளரும் மரங்களும் இருந்தன. லட்சம் வருடத்துக்கும் முன்னால் இந்த ஊர் இன்றையதைவிடச் சூடாக இருந்ததாம். இரண்டு சோடிக் காலுறை போட்டும் கால் விறைக்கிற எனக்கு அதைக் கேட்கவே சுகமாக இருந்தது. மேலே போகப்போக ஊசியிலை மரங்கள் கூடும். பிறகு பனிப்பாறை வந்து எல்லாவற்றையும் மூடியது. அது உருகிய பின் காடு தெற்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மரங்களும் குடிபெயரும் என்று நான் தாவரவியல் படித்த காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

வேலை தற்காலிகம். கோடைக்குள் நிரந்தரமாகாவிட்டால் ஊருக்கே திரும்புவது என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். அவருடைய சம்பளத்தில் மட்டும் இங்கே காலம் தள்ள முடியாது. எனக்கோ திரும்ப மனமே இல்லை.

மாசி மாதத்தில் ஒருநாள், கீழ் அடுக்கு மண்ணில் நான் அறியாத மகரந்தம் சில கண்டேன். பேராசிரியர் பார்த்தார். புத்தகங்களைப் புரட்டினார். கதிரையில் இருக்க முடியாமல் எழுந்து நடந்தார். இது வெப்பநாட்டு மரமாக இருக்க வேண்டும், அந்தக் காட்டின் கதையையே திருத்தி எழுத வேண்டிவரும் என்றார். கட்டுரையில் என் பெயரும் வரும், வேலையும் உறுதி என்றார். நான் பஸ் எடுக்காமல் பனிக்குள் நடந்தே வீடு இருந்த சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்தேன். அன்று கால் விறைக்கவேயில்லை.

கதவைத் திறந்தால் வேப்பம்பூ வாசம். வடகத்துக்கென்று ஊரிலிருந்து மாமி காயவைத்து அனுப்பிய பூ வழியில் ஈரம் பட்டிருந்தது. வெயில் இல்லாத ஊரில் என்ன செய்வது? கணவர் அதை ஹீற்றர்மேல் பரப்பியிருந்தார். பூவின் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணி, நான் துவைத்து வைத்திருந்த ஆய்வுகூடக் கோட்டு.

"போன கிழமையும் உதிலையோ காயப்போட்டனீங்கள்?"

"ஓம். வீட்டிலை வேறை வெள்ளைத் துணி எங்கை கிடக்கு? நல்லா உதறித்தானே கொழுவிவிட்டனான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான் கண்ட மகரந்தம் இந்தக் கோட்டிலிருந்து விழுந்ததாகத்தான் இருக்கும் என்று சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. கொஞ்ச நேரம் பூவைக் கிளறிக்கொண்டு நின்றார். வேப்பமரத்தை இங்கே ஆருக்குத் தெரியும், வேலியால் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டாதே என்பது அவர் யோசனை. அந்த யோசனை எனக்கும் இனிக்கத்தான் செய்தது. ஆனால் இல்லாத வேப்பங்காட்டை நானே ரொறன்ரோவில் நட்டுவிட்டு, பிறகு எந்த மரத்தை எண்ணினாலும் எனக்கு நம்பிக்கை வராது.

மறுநாள் வேப்பம்பூவைக் கொண்டுபோய், அதே அமிலத்தில் காய்ச்சி, அந்தக் கண்ணாடித் தகட்டையும் களிமண்ணின் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோட்டின் கதையைச் சொன்னேன். பேராசிரியர் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் இந்தப் பூவை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சாப்பிடுவோம் என்றேன். கசக்காதா என்றார். கசக்கும், அதற்காகத்தான் சாப்பிடுகிறோம் என்றேன்.

அவர் வேப்பந்தகட்டை எடுத்து, ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் இன்றைய மரங்களின் தகடுகள் அடுக்கிய மேசை லாச்சியில், மேப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கீழ் அடுக்கு முழுவதையும் திரும்ப எண்ண வேண்டும்," என்றார். "கோடைக்குள் முடியாது. அடுத்த வருடமும் நீங்கள்தான் இருந்து செய்ய வேண்டும். கோட்டை மட்டும் இனி இங்கேயே துவைக்கப் போடுங்கள்."