இன்னொரு துண்டு கேக்

பேருந்து நிலையத்தில் அவளை யாருக்கும் தெரியாது. அவள் குரலைத் தெரியாதவர்களோ யாரும் இல்லை. மாடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி, கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, அவள். "மூன்றாவது நடைமேடையில் நிற்கும் வண்டி இப்போது புறப்படும்" என்று அவள் சொன்னால், கீழே டீ குடித்துக்கொண்டிருப்பவன் பாதி டீயைக் கொட்டிவிட்டு ஓடுவான். ஓட்டுநர்கள் அவளை மைக்கம்மா என்பார்கள். குரலை மட்டும் கேட்டவர்கள் கொடிபோல ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வார்கள். ஒருநாள் அவள் படியிறங்கி வந்தபோது ஒரு பயணி, "மைக்கம்மா எங்கேங்க?" என்று அவளிடமே கேட்டான். "நான்தான்" என்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தானே ஒரு பார்வை, அதை அவள் மறக்கவே இல்லை. அவளுக்கு எதுவுமே மறக்காது. அவளுடைய வியாதிகளில் பழைய வியாதி அதுதான்.

அந்தப் பருத்த உடம்போடு மாடி ஏறினால் முதல் அறிவிப்பை மூச்சிரைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும். முழங்கால் போயிற்று. சர்க்கரை ஏறிற்று. கடைசியில், எடை குறைக்க ஆபரேஷன் செய்யும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே பெரிய டாக்டர் தேனொழுகப் பேசினார். "ஆபரேஷன் ஒருநாள் வேலைம்மா. அதுக்கப்புறம் ஆயுசு பூரா உங்களைப் பார்த்துக்கறது எங்க பொறுப்பு" என்றார். அதில் மூன்று நாலு விதம் உண்டு; அவளுக்கு இரைப்பையைச் சுருக்கிக் குடலை மாற்றி இணைத்தார்கள். பொய் சொல்லக் கூடாது, ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. எடை மளமளவென்று இறங்கியது. சர்க்கரை மாத்திரை நின்றது. அவளுடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒட்டிப்போட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் விளம்பரம் செய்தார்கள். அந்த விளம்பரம் பேருந்துகளின் முதுகில் ஏறி அவளுடைய நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. ஓட்டுநர்கள் சும்மா விடுவார்களா?

"மைக்கம்மா, உங்க பழைய போட்டோவை ஒட்டினதுலேருந்து வண்டி மேடு ஏற மாட்டேங்குது!"

அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

முதல் வருஷம் அவர்களே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு, என்ன சாப்பிடலாம் என்று சொல்லித்தந்த பெண் வேலையை விட்டுப் போனாள். அந்த நாற்காலிக்கு வேறு யாரும் வரவில்லை. போனை எடுப்பவள், "டாக்டர் இப்ப புது பேஷன்ட் மட்டும்தான் பார்க்கறாரு" என்றாள். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ. சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது. "ஏதாவது வைட்டமின் வாங்கிப் போடுங்க" என்றார்கள். எந்த வைட்டமின், எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. கூட வேலை பார்ப்பவளின் பிறந்தநாளுக்கு ஆசையாக ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் தின்றாள். கால் மணி நேரத்தில் உடம்பு தொப்பலாக வியர்த்து, நெஞ்சு படபடத்து, கூண்டின் தரையிலேயே சுருண்டு படுத்துவிட்டாள். அன்றைக்கு வண்டிகள் ஊமையாகப் புறப்பட்டுப் போயின. இனிப்பு இனி ஆகாது என்று அவளுக்கு அவள் உடம்புதான் சொல்லிக்கொடுத்தது.

அப்புறம் பாதமும் கை விரல்களும் மரத்துப்போயின. ஒரு செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு நிலையம் முழுக்க நடந்திருக்கிறாள். இன்னொரு நாள், கால் எந்தப் படியில் இருக்கிறது என்று தெரியாமல் மாடியிலிருந்து உருண்டாள். அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டரம்மா சந்தேகப்பட்டு ரத்தத்தைச் சோதித்தாள்.

"பி-பன்னிரண்டு சுத்தமா இல்லை. இரும்புச்சத்தும் இல்லை. இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு இதையெல்லாம் வருஷா வருஷம் பார்த்தே ஆகணுமே. யாரும் பார்க்கலையா?"

"பார்க்கத்தான் போனேன். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

ஊசி போட ஆரம்பித்தார்கள். முடி உதிர்வது நின்றது, கை விரல்களின் மதமதப்பும் குறைந்தது. இடது பாதம் மட்டும் செத்தது செத்ததுதான். "முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, குளிக்கும்போது அந்தப் பாதத்தின் மேல் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிப் பார்த்தாள். தோல்தான் சிவந்தது. கறுவினாள்.

கூடவே இருக்கும் தங்கை மருந்து தடவிக்கொண்டே, "விட்டுத் தள்ளுக்கா. கடவுள் பார்த்துப்பாரு" என்றாள்.

"அந்த ஆஸ்பத்திரியில கடவுளுக்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்காதுடி. எனக்கு நஷ்டஈடு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நாலு பேர் நடுவுல அந்த ஆள் மூஞ்சி தொங்கணும். அதை நான் கண்ணால பார்க்கணும்."

பார்க்கும் நாளை அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். போனில் அதே பெண்தான், ஆனால் இப்போது நாக்கில் சர்க்கரை. "மேடம், நம்ம ஆஸ்பத்திரி ஆண்டு விழா. நீங்கதான் எங்க ஸ்டார். மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்." அவள் யோசிக்கவே இல்லை. "வரேன்" என்றாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு குடும்பத்தோடு வந்தவர்கள்தான் பாதிப்பேர். நாற்காலியின் கைப்பிடிகளுக்கு நடுவே உடம்பைத் திணித்து உட்கார்ந்திருந்த ஒருத்தியை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மேடைக்குப் பின்னால் அவளுடைய பழைய படம் கதவளவுக்கு நின்றது. போன் பெண் ஓடிவந்து காதோடு சொன்னாள்: "டாக்டர் என் வாழ்க்கையை மாத்திட்டார், ரொம்ப நன்றி, இவ்வளவுதான் மேடம். சொன்னதும் மைக்கை வாங்கிப்பேன்." அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்ததெல்லாம் வீண். முழுசாக ஒரு வாக்கியம் பேசவிட மாட்டார்கள்.

அந்த நேரத்தில் கேக் வந்தது. வெள்ளை க்ரீம், மேலே சர்க்கரைப் பூக்கள். பெரிய டாக்டர் வெட்டினார். போட்டோக்காரன், "சார், அவங்களுக்கு ஊட்டுங்க!" என்று கத்தினான். டாக்டர் சிரித்தபடியே ஒரு பெரிய துண்டை எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு தயக்கமாவது, ஒரு ஞாபகமாவது வருமா என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அடப்பாவி! குடலை மாற்றி வைத்தவன் கையாலேயே சர்க்கரையா? முன்வரிசையில் தங்கை எழுந்து நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

அவள் வாயைத் திறந்தாள். முழுத் துண்டையும் தின்றாள். உதட்டில் ஒட்டிய க்ரீமையும் விடவில்லை.

"நல்லா இருக்கு டாக்டர். இன்னொரு துண்டு."

அரங்கமே கைதட்டியது. டாக்டர் சந்தோஷமாக இன்னொன்றும் ஊட்டினார். பிறகு பேச ஆரம்பித்தார். வாழ்நாள் பராமரிப்பு என்றார், நோயாளிகள் எல்லாம் எங்கள் குடும்பம் என்றார். பேசு ராசா, நல்லா பேசு என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மேல் உதட்டில் வியர்வை அரும்பியது. வயிறு முறுக்கியது. உப்பைத் தின்றவன்தான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள், இங்கே அவள் அல்லவா தின்றிருக்கிறாள்! பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயம்கூட வந்தது. ஆனால் மைக் கைக்கு வரும்வரை விழக் கூடாது.

மைக் வந்தது. எழுந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. போன் பெண் முகம் வெளுத்து, மைக்கைப் பிடுங்க மறந்து நின்றாள்.

"எல்லாரும் நல்லா பாருங்க" என்றாள், வண்டி புறப்படுவதைச் சொல்லும் அதே நிதானமான குரலில். "இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு இவ்வளவு இனிப்பு கொடுத்தா இப்படித்தான் ஆகும். செஞ்சவருக்கே அது ஞாபகம் இல்லை. ஆபரேஷன் வேண்டாம்னு நான் சொல்லலை. அஞ்சாவது வருஷம் உங்களை யார் பார்ப்பாங்கன்னு மட்டும் இப்பவே கேளுங்க."

அவ்வளவுதான். கால் மடங்கியது. மேடையில் சரிந்தவள் கையிலிருந்து மைக் உருண்டு பக்கத்திலேயே கிடந்தது. தங்கை அலறிக்கொண்டு ஏறி வந்தாள். பெரிய டாக்டர் மண்டியிட்டு அவள் நாடியைப் பிடித்தார். நிமிர்ந்து தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

"யாராவது சொல்லுங்கய்யா! இந்தம்மாவுக்கு நாம எந்த ஆபரேஷன் பண்ணினோம்?"

தரையில் கிடந்த மைக் அதைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. யாரோ ஒருவர் நாற்காலியை இழுத்து எழுந்தார். பின்னாலேயே இன்னொருவர். அந்த வெள்ளைக்கோட்டின் மேலே டாக்டரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்குவதை அவள் படுத்தபடியே பார்த்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூடாமல் பார்த்தாள்.