‘நிச்சயமா’ என்று சொல்லவிடாத படிப்பு

ஜெர்மானியத் தத்துவம் படிக்கிறவனிடம் எதைக் கேட்டாலும், பதிலுக்கு முன்னால் ‘அதை நம்மால் அறிய முடியுமா?’ என்று யோசிக்கத் தொடங்கிவிடுவான், தொழில் பழக்கம். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் அப்பா, எனக்கு வேலை கிடைத்ததும் தன் வேலையிலிருந்து நின்றுகொள்ளலாம் என்று முட்டிவலியோடு காத்திருந்தார். இதே படிப்பில் மாட்டிக்கொண்டவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் காத்திருக்கக்கூடும்.

தேக்காவில் வாவல்

ஒரு ஞாயிறு காலை தேக்கா சந்தையில் அம்மா ஒரு வாவல் மீனைத் தூக்கிக் காட்டி, “புதுசாடா?” என்றார். பொருள்கள் நமக்குத் தோன்றும் விதத்தைத்தான் அறியலாம், அவை தம்மளவில் என்னவென்று அறிய முடியாது என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன்.

“புதுசாத்தான் தெரியுதும்மா. உண்மையில எப்படின்னு சொல்ல முடியாது.”

பக்கத்தில் நின்ற பெண், கையில் எடுத்த மீனைத் திரும்ப வைத்துவிட்டார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

“தம்பி, நீங்க போய் காய்கறிப் பக்கம் நில்லுங்க லா.”

உங்களைப் பற்றி

படிப்பு முடிந்து, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நேர்காணல். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்கள். ‘நான்’ என்பதும் எனக்குத் தோன்றுகிற ‘நான்’தானே? அதைக் கவனமாக விளக்கப்போய், என் பெயருக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கேள்வி கேட்டவர்களில் ஒரு தமிழ்ப் பெண்மணி லிஃப்ட் வரை கூடவே வந்தார்.

“கேள்வி அவ்ளோ டீப் இல்ல தம்பி. பேரு, படிப்பு, எப்ப ஜாயின் பண்ணுவீங்க, அவ்ளோதான்.” லிஃப்ட் வருவதற்குள் மூன்றையும் சொல்லி முடித்தேன்.

முட்டித் தைலம்

அதே வாரம் அப்பாவின் ஒப்பந்தம் முடிய இருந்தது. சுவா சூ காங்கில் எங்கள் வீட்டில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார்: “நின்னுடவா, இல்ல இன்னும் ரெண்டு வருஷத்துக்கு சைன் போடவா? உனக்கு வேலை கெடைச்சுடும்ல?”

‘கெடைச்சுடும்ப்பா.’ அந்த ஒரு சொல்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

“கெடைக்கலாம்ப்பா. நிச்சயமாச் சொல்ல முடியாது” என்றேன்.

அப்பா தைலப் புட்டியை மூடினார். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் அந்தக் காப்பீட்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. போட்ட கையெழுத்திலிருந்து பின்வாங்குகிற ஆள் இல்லை அப்பா. “கொஞ்சம் பொறுத்திருக்கலாமேப்பா” என்றேன். முட்டிப் பட்டையை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

“வேற யாராவது சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேன்டா. நீ பொய் சொல்ல மாட்டியே, அதான் போட்டேன்.”

அறிய முடியாததையும் நம்பிக்கையோடு எதிர்பார்க்கலாம் என்பதும் எங்கள் பாடத்தில்தான் இருந்தது; அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு எனக்கு நல்ல மதிப்பெண்.