நுர்போல் தூங்கட்டும்

இதைச் சொன்னால், தூக்கமில்லாமல் மூளை குழம்பிவிட்டது என்பார்கள். குழம்பவில்லை. அன்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நுர்போல்தான்.

கஜகஸ்தானின் அல்மாத்தி நகரில் அப்போது கடும் பனிக்காலம். பதினொரு பேராக இருந்த எங்கள் மென்பொருள் குழுவில் நானும் நுர்போலும்தான் மிச்சம். மற்றவர்களை ஒவ்வொருவராக வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் வாரக்கணக்கில் சரியான தூக்கம் இல்லை.

"திங்கக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுங்க. உங்க ரெண்டு பேர் வேலைக்கும் நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார் மேலாளர் கைரத். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரே அவர்தான். என் திருமணத்தில் அண்ணன் இடத்தில் நின்றவர். நம்பினேன்.

சனிக்கிழமை நுர்போல் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கைரத்தைக் கேட்டேன்.

"ராத்திரி பூரா முழிச்சிருந்தான்மா. தூங்கட்டும். எழுப்பாதே."

அலுவலகத்தில் தனியாக வேலை பார்த்தேன். விடுமுறை நாளில் கட்டடத்தில் வெப்பத்தைக் குறைத்துவிடுவார்கள். கோட்டைக் கழற்றாமலே விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தேன். மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வந்தது.

மாலை 6.10. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில்... டக்... டக்... டக்...

நுர்போல்.

"எப்படா வந்தே?"

"இப்பத்தான், ஜனார்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தலையில் ஒரு துளி ஈரமில்லை. வீட்டில் போடும் பனியனோடு வந்திருந்தான். தேநீர் ஊற்றி வைத்தேன். தொடவில்லை.

என் திரையைப் பார்த்தேன். நான் எழுதிய வரிகள்... ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன.

"என்னடா பண்றே? என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதே."

"முடிக்காதே, ஜனார். முடிச்சா நம்மளை முடிச்சிடுவாங்க."

பேசினான். வாயிலிருந்து புகை வரவில்லை.

டக்... டக்...

அவன் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

மடிக்கணினியை வாரிக்கொண்டு ஓடினேன். படிக்கட்டு முழுக்க அந்தச் சத்தம் கூடவே வந்தது.

வீட்டில் உட்கார்ந்து, அழிந்ததை எல்லாம் மறுபடி எழுதி அனுப்பினேன். பயத்தைவிட வேலை பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, கைரத் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மேலிடத்து முடிவும்மா. இன்னையோட உன் வேலை முடிஞ்சுது."

"நீங்கதானே பொறுப்புன்னு சொன்னீங்க, அண்ணே?"

அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"அப்ப நுர்போல்?"

"அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

இந்த முறை நம்பவில்லை. நேரே நுர்போல் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். உள்ளே பெண்களின் ஒப்பாரி. அவனுடைய அக்கா ரவுஷான் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை செஞ்சுக்கிட்டே மேசையில சாஞ்சுட்டான்... விடிஞ்சதும் கைரத்துக்குத்தான் மொதல்ல போன் பண்ணினேன். ஓடி வந்தாரு. துக்கத்துக்கு வந்தாருன்னுதான் நெனச்சோம். அவன் கம்ப்யூட்டரு விரல் வெச்சாத்தான் தொறக்குமாமே..."

அவள் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"தம்பி கையைத் தூக்கி... அவன் விரலை அதுல வெச்சு அழுத்தினாரு. தொறந்துடுச்சு. எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."