இடப்பக்கத்து இருக்கை

நானுஓயா ரயில் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப்போகும் வேன் ஒன்று எனக்கிருக்கிறது. ஒரு மழைக்காலைப் பொழுதில் பயணிகளின் பெட்டியைத் தூக்கியபோது, நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஆம்புலன்சின் கூரை, கண்டி ஆஸ்பத்திரியின் வெள்ளை விளக்கு, சிங்களத்தில் தாலாட்டுவதுபோல் பேசிய ஒரு நர்ஸின் குரல். இரத்தக்குழாயில் சின்னக் கம்பிவலை ஒன்றை வைத்தார்கள். இனிப் பயமில்லை, மெதுவாக நடமாடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் விழுந்தேன்.

எங்கள் வீடு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி அறை. விடிந்ததும் மனைவி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். நான் கட்டிலில் கிடப்பேன். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து அலுமாரியைத் தொட்டுவிட்டுப் போகும். மலையில் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. எதுவுமே என்னை வந்து சேரவில்லை. சோறு நனைந்த காகிதம்போல் இருந்தது. நெஞ்சு மாத்திரையை மறந்துவிட்டேன் என்பேன். மறக்கவில்லை, அதையெல்லாம் போட்டு என்ன ஆகப்போகிறது என்றிருந்தது.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் மனைவி என்னை முந்திக்கொண்டாள். “டொக்டர், இவரு மருந்து ஒழுங்கா போடுறதில்லங்க. சாப்புடுறதில்ல. கூப்புட்டா திரும்பிக்கூட பாக்குறதில்ல.”

எனக்கு அவமானமாக இருந்தது. டொக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“காலையில எழும்பும்போது எப்படி இருக்கு?”

“எதுக்கு எழும்பணும்னு இருக்குங்க.”

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். அவர் திடுக்கிடவில்லை. “இதய வருத்தம் வந்த நிறையப் பேருக்கு மனசும் இப்படிச் சோர்ந்துபோகும். நீங்க கோழை இல்ல. இதுவும் ஒரு வருத்தம்தான், நோய்தான், இதுக்கும் மருந்து இருக்கு” என்றார். வேறொரு மாத்திரை எழுதினார். பக்கத்து அறையில் ஆறுதலாகப் பேச ஒரு மிஸ் இருப்பதாகவும், மாதாமாதம் அவரையும் பார்க்கும்படியும் சொன்னார். பிறகு மனைவியிடம், “இவரைத் தனிய விடாதீங்க” என்றார்.

“நான் வேலைக்குப் போகாம முடியாதுங்களே, டொக்டர்” என்றாள் அவள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஏதோ யோசித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலை அரைத்தூக்கத்தில் என் வேனின் சத்தம் கேட்டது. கனவு என்று நினைத்தேன். ஆனால் யாரோ அதைப் போட்டு உறுமவைத்துக்கொண்டிருந்தார்கள். குளிரில் கிடந்த வண்டி அது, கொஞ்சம் பொறுத்து மெதுவாகத்தான் கிளப்ப வேண்டும். கோபம் வந்தது. போர்வையோடு எழுந்து வாசலுக்குப் போனேன்.

“ஏய், அப்படி மிதிக்காத!”

ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர், ஸ்டேஷன் ஸ்டாண்டில் சவாரிக்காகச் சண்டை போட்டு என்னோடு வருடக்கணக்கில் பேசாமல் இருந்த இன்னொரு வேன்காரர்.

“அப்ப வந்து பக்கத்துல உக்காந்து சொல்லித் தாங்கண்ணே” என்றார், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர்போல.

“நான்தான் சாவியக் குடுத்தேன்” என்றாள் வேலைக்குக் கிளம்பி நின்ற மனைவி. “அன்னைக்கு உங்கள ஆம்புலன்ஸ்ல தூக்கி ஏத்துனதே இவருதாங்க.”

அவர் தன் வேனைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து என் வேனில் நான் இடப்பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இத்தனை காலமும் வளைவையும் எதிரே வரும் பஸ்ஸையும் மட்டுமே பார்த்து ஓட்டியவன் நான். இப்போது கண்ணாடியில் தலைசாய்த்தபடி, ஈரப் பாறைகளில் தொங்கும் புல்லையும், பனிக்குள் கரைந்து திரும்பிவரும் தேயிலைச் சரிவுகளையும் பார்த்தேன். நிரையில் நின்ற பெண்களில் என் மனைவி யார் என்று தெரியாது. எல்லோரும் அவளாகவே தெரிந்தார்கள். பின்னால் பயணிகள் ஏதேதோ மொழியில் பேசுவார்கள். நான் தூங்கிப்போவேன்.

புது மாத்திரை முதலில் வாயை உலர்த்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. “பொறுங்க, மெதுவாத்தான் கேக்கும்” என்றார் மிஸ். லிந்துலைக்குப் போன ஒருநாள், காரணமே இல்லாமல் எனக்கு அழுகை வந்தது. நெஞ்சுவலி வந்த நாளிலும் அழாதவன் நான். ஓட்டிக்கொண்டிருந்தவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“நெஞ்சு வலிக்குதாண்ணே?”

இல்லையென்று தலையசைத்தேன்.

“அப்ப அழுங்க. நான் டயரப் பாத்துட்டு வாறேன்.”

நான்கு டயர்களையும் அவர் அவ்வளவு நேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது கையில் கடை ரொட்டியும் மிளகாயில் இடித்த கட்டச்சம்பலும் இருந்தன. காரம் நாக்கில் சுரீரென்று ஏறியது. இன்னொன்று கேட்டேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நல்ல நாளுக்கு அடுத்து எழவே முடியாத நாளும் வந்தது. அப்படிப்பட்ட நாளில் அவர் வற்புறுத்தாமல் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாட்கள் குறைந்தன. டொக்டர் சம்மதித்த பிறகு கிட்டத்துச் சவாரிகளை நானே ஓட்டத் தொடங்கினேன்.

போன கிளினிக்கில், மனசுக்கான மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டேன். “நீங்களா நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்ச காலம் போகட்டும்” என்றார் டொக்டர். சரி என்றேன். வெளியே அதிசயமாக வெயில் அடித்தது. இப்பவே வீட்டுக்குப் போகணுமா, பூண்டுலோயாவில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய் வரலாமே என்றாள் மனைவி. போனோம்.