எனக்காக மிக்கோ, மிக்கோவுக்காக நான்

போன வாரம் என் போட்டியாளருக்காக நானே ஓட்டுக் கேட்டேன். நிஜமாகத்தான்.

எங்கள் சாஃப்ட்வேர் டீமில் லீடர் பதவி காலி. போட்டியில் இரண்டு பேர். பின்லாந்தில் இருக்கும் மிக்கோ. ஆலங்காயத்திலிருந்து மலை ஏறும் சாலையில், வீட்டு மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் நான். வெள்ளிக்கிழமை வீடியோ மீட்டிங்கில் ஆளுக்கு ஐந்து நிமிடம் 'நான் சாதித்தவை' பற்றிப் பேச வேண்டும் என்று அமெரிக்க மேனேஜர் லிண்டா மெயில் அனுப்பிவிட்டார்.

எனக்கு அந்தப் பதவி வேண்டும். ஆசைதான், ஒளிப்பானேன்? ஆனால் என் பெருமையை நானே பேசுவதா? கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே கூச்சம் பிடுங்கித் தின்றது. லிண்டாவின் ஊரில் செய்ததைச் சொல்லாவிட்டால் செய்யவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் சொன்னால்... 'ரொம்பத்தான் பீத்திக்குது' என்பார்கள்.

மிக்கோவுக்கு போன் போட்டேன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம், அந்த மனிதர்.

"தயாராகிவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. எங்கள் ஊரில் தன்னைப் புகழ்கிறவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்."

அட, நம்ம ஆள்!

அப்போதுதான் என்னைப் பெண் பார்க்க வந்த நாள் நினைவுக்கு வந்தது. "இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நீங்கதான் பாத்துக்கணும்" என்று அம்மா அடக்கி வாசித்தார். காப்பாற்றியது பக்கத்து வீட்டு பர்வீன் அக்கா. "இன்னாங்க இப்டி சொல்றாங்க? இந்தத் தெருவுல யார் வூட்ல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணாலும் இந்தப் பொண்ணுதாங்க வந்து நிக்கும்."

அதே முறைதான் இங்கேயும். "உங்களைப் பற்றி நான் பேசுகிறேன். என்னைப் பற்றி நீங்கள் பேசுங்கள்" என்றேன். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். "சரி" என்றார் மிக்கோ.

விஷயம் கேட்டு என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தாளு வாயே தொறக்கலன்னா இன்னா பண்ணுவே?"

வெள்ளிக்கிழமை நான்தான் முதலில். செயலி முடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைச் சரிசெய்துவிட்டு யாரிடமும் மூச்சு விடாத மிக்கோவைப் பற்றிச் சொன்னேன். பேச்சு தானாக வந்தது.

அடுத்து மிக்கோ. திரையில் முகம் தெரிகிறது, வாய் அசையவில்லை. போச்சு... கணவர் சொன்னது பலித்துவிட்டது.

பிறகு ஆரம்பித்தார் பாருங்கள் — பிரேசிலில் இருந்து சேர்ந்த புதுப் பெண் தப்பு செய்தபோது நான் சபையில் காட்டிக்கொடுக்காமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தது, அந்தப் பெண்ணே இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது... எல்லாம். "இவர் இருக்கும் டீமில் தெரியாததைக் கேட்க யாருக்கும் பயமில்லை." ஐந்து நிமிடம் தாண்டியது. லிண்டா நிறுத்தவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை முடிவு வந்தது. லீடர் நான்தான்! மிக்கோவும் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார்: "வாழ்த்துகள். இனி மீட்டிங்கில் நீங்கள் பேசிக்கொள்ளலாம். நிம்மதி."

இனிமேல் எங்கள் டீமில் யாரும் தன்னைப் பற்றிப் பேச வேண்டாம், ஒருவருக்காக இன்னொருவர் பேசினால் போதும் என்று லிண்டா அறிவித்துவிட்டார். ஆலங்காயத்துப் பெண் பார்க்கும் முறை அமெரிக்கக் கம்பெனியில் அமலாகிவிட்டது.

சந்தோஷம் தாங்காமல் பர்வீன் அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்றதும் பழைய கூச்சம். "ஒண்ணுமில்லக்கா, ஆபீஸ்ல சின்னதா..." என்று இழுத்தேன்.

"லீடர் ஆயிட்டே, அதானே? உன் வூட்டுக்காரர் சொன்னாரு. நீயா சொல்ல மாட்டேன்னுதான் நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் சொல்லிட்டு வர்றேன்."