ஊருக்கு லைக்கா, காலனிக்கு ஸோர்க்கி

கதிரவன் கேமராவைக் கண்ணில் வைப்பதற்கு முன் காதில் வைப்பார். ஃபிலிம் சுற்றும் குமிழை மெல்லத் திருகி, உள்ளே பல்சக்கரங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்பார். பிறகுதான் தீர்ப்பு. ஜெர்மனி லைக்கா: "எண்ணெ போட்ட ஊஞ்ச. சத்தமே இல்ல." ஜப்பான் யாஷிகா: "பேட்டரி இருந்தாத்தான் மூளை. இல்லாட்டி இடிச்ச புளி." ரஷ்யா ஸோர்க்கி: "ஒண்ணு தேறும், ஒண்ணு தேறாது. ஒவ்வொண்ணா பாத்துத்தான் நம்பணும்."

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. மாலையில் பழைய கேமரா பழுது பார்ப்பார். மேல்மூடியை நகத்தால் தட்டி, பித்தளையா அலுமினியமா என்று சொல்லிவிடுவார். படம் நன்றாக வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "கேமரா நல்லாருக்கு. மத்தது உங்க கையில."

கடலூரில் ஸ்டூடியோ நடத்திய கொளஞ்சி, ஷோகேஸில் வைப்பதற்காக ஒரு லைக்காவையும் ஒரு ஸோர்க்கியையும் சுத்தம் செய்யக் கொடுத்தார். லைக்கா ஊர்க் கல்யாணங்களுக்கு, ஸோர்க்கி காலனிக் கல்யாணங்களுக்கு. மழைக்கு ஒரு செருப்பு, வெயிலுக்கு ஒரு செருப்பு என்பதுபோல் சொன்னார். வெட்கப்படத் தோன்றவில்லை அவருக்கு.

நெல்லிக்குப்பம் பக்கத்துக் காலனியில் கதிரவனின் பெற்றோருக்கு நடந்த கல்யாணத்தைக் கொளஞ்சி எடுத்ததும் அந்த ஸோர்க்கியில்தான். வீட்டில் இருக்கும் ஒரே படத்தில் பந்தல்கால் தெளிவாக இருக்கிறது. மணமக்கள் முகம் கலங்கிக் கிடக்கிறது. கதிரவன் நடக்கப் பழகுமுன் தந்தை இறந்துவிட்டார். அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. படம் கைக்கு வந்தபோதே ஏன் கலங்கியது என்று அம்மா மங்கலம் கேட்டதற்கு, ரஷ்யாக்காரன் பொருள் அவ்வளவுதான் என்று கொளஞ்சி சொல்லியிருந்தார்.

அந்தப் பொருள் இப்போது மகனின் மேசைக்கு வந்தது. எந்தத் திருகிலும் திருப்புளி பட்ட தடமில்லை. யாரும் அதைத் திறந்ததே இல்லை; கல்யாணத்தன்று இருந்தபடியேதான் இருக்கிறது. இவ்வகைக் கேமராவில் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பி இரண்டையும் பொருத்தினால் படம் தெளிவாக விழும். அம்மாவை நிறுத்தி, ஸோர்க்கியில் ஒன்றும் லைக்காவில் ஒன்றும் எடுத்தார். இரண்டிலும் மங்கலத்தின் இமை முடிவரை தெரிந்தது. ஒளியியலில் காலனிக்கென்று தனி விதி எதுவும் இல்லை.

திருப்பிக் கொடுக்க அம்மாவையும் அழைத்துக்கொண்டு கடலூர் போனார். ஆய்வகத்தில் அவரோடு வேலை செய்யும் நானும் கூடப் போனேன்.

"கேமரால பழுதில்ல சார். அப்புறம் ஏன் எங்க வீட்டுக் கல்யாணப் படம் கலங்குச்சு?" என்று கேட்டார் கதிரவன்.

கொளஞ்சி யோசிக்கக்கூட இல்லை. "அங்கெல்லாம் எவன் நின்னு ஃபோகஸ் பாத்தான்? ரோட்டுலேருந்தே ஒண்ணு தட்டிட்டு வந்துடுவோம்."

"நாந்தான் ஆடிட்டேனோன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்," என்றார் மங்கலம், பொதுவாக.

கதிரவன் குரலை உயர்த்தவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவை உட்கார வைத்தார். ஃபிலிம் போட்டிருந்த ஸோர்க்கியைக் கொளஞ்சியிடம் நீட்டினார். அவர் வாங்கித் தூக்கிய கையோடு பொத்தானை அழுத்தப் போனார்.

"அவசரமில்ல சார். ஃபோகஸ் பாத்துட்டு எடுங்க. நாங்க நிக்கிறோம்."

பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.