படத்தின் முதுகு

ஜௌபரின் முன்கையில் மூன்று வகை டேப்பில் ஒவ்வொரு துண்டை வரிசையாக ஒட்டிவிட்டு, ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி ஸவாஹிரா. ஒவ்வொரு பிய்ப்புக்கும் அவன் "அல்லாஹ்!" என்றான். அவள் டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதில் வந்த மயிரை எண்ணினாள்.

"செலோடேப் பதினொண்டு. மொதல்ல நல்லாத்தான் புடிக்கும். மூணு மாசத்துல மஞ்சளாகி உட்டுடும். புது மாப்புள மாதிரி."

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அந்த பிரேம் கடையில் மரம் அறுப்பது ஜௌபர், படம் ஒட்டுவது அவள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவதெல்லாம் சந்தையில் வாங்கிய குண்டுக் குழந்தை, வெள்ளைக் குதிரை வகையறா. "படம் மலிவு எண்டா டேப்பும் மலிவா ஈக்கணுமா?" என்பது அவள் கட்சி. பழுப்புக் காகித டேப்பை நாக்கால் நனைத்து, படத்தின் மேல்விளிம்பை மட்டும் இரண்டு துண்டால், படத்தைச் சுற்றித் தெரியும் ஓர அட்டையோடு ஒட்டுவாள். நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் உப்பிக்கொள்ளுமாம். நோன்பு மாதத்தில் நாக்குக்குப் பதில் ஈரப் பஞ்சு. பஞ்சுக்குப் பக்குவம் போதாதென்று பெருநாள் வரும்வரை குறைப்பட்டுக்கொண்டிருப்பாள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு வியாழக்கிழமை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்திலிருந்து தனலெட்சுமி மூச்சிரைக்க வந்தாள். பழைய சேலையில் சுற்றிய படத்தை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க போட்டுக் குடுத்ததுதான் அக்கா. அருவி குறுக்கால பாயுதுங்க!"

கண்ணாடிக்குள் படம் ஒரு பக்கம் கழன்று சரிந்திருந்தது. மான் ஒன்று ஆகாயத்தில் கால் ஊன்றி நின்றது.

"ஞாயித்துக்கெழம மகளப் பொண்ணு பாக்க வாராங்க. இதுக்கு நேராத்தான் உக்கார வைக்கணும், லயத்து ஒத்த அறையில வேற செவுரு இல்லைங்க. அவங்க பொண்ணப் பாப்பாங்களா, இந்த மானப் பாப்பாங்களா?"

"என்ட ஒட்டு உடாது" என்றாள் ஸவாஹிரா. குரலில் இருந்த உறுதி முகத்தில் இல்லை. குறட்டால் ஆணிகளைப் பிடுங்கிப் பின்னட்டையைத் திறந்தாள். உள்ளே மஞ்சளேறிச் சுருண்டு கிடந்தது செலோடேப்.

ஜௌபர் மெதுவாகச் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டான். "நீ தங்கச்சிட கலியாணத்துக்குப் பண்டாரவளைக்குப் போன அண்டைக்கு... இவங்க அவசரமாக் கேட்டாங்க..."

அவள் செலோடேப்பை உரித்தெடுத்தாள். பழைய பசையைச் சுரண்டினாள். பழுப்பு டேப்பில் இரண்டு துண்டு நக்கி ஒட்டினாள். பிறகு கணவனைப் பார்த்தபடியே மூன்றாவதும் ஒட்டினாள். மூடி ஆணியடித்து, சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். மான் அசையவில்லை.

அடுத்த வாரம் தனலெட்சுமி லட்டோடு வந்தாள். "முடிஞ்சிருச்சுங்க! தையில கலியாணம்."

"படத்தப் பாத்து என்ன சொன்னாங்க?"

"அத எங்க பாத்தாங்க? பொண்ணப் பாத்தாங்க, பலகாரம் சாப்புட்டாங்க, போயிட்டாங்க."

"படத்துட முதுகையாச்சும்...?"

"யாராச்சும் திருப்பிப் பாப்பாங்களாங்க!"

ஸவாஹிரா கடித்த லட்டை வைத்துவிட்டு எழுந்தாள். வாசல் சுவரில் தெருவைப் பார்க்க மாதிரிக்கு மாட்டியிருந்த படத்தை இறக்கி, பின்னட்டையைக் கழற்றினாள். பழுப்புத் துண்டுகள் இரண்டும் போகிற வருகிறவர்கள் கண்ணில் படும்படி, படத்தின் முகத்தைச் சுவருக்குத் திருப்பி மாட்டினாள்.